சட்டமன்றம் செய்தது எது, அரசு செய்தது எது? பொருளாதாரம், மருத்துவம், பசுமை மின்சாரம் பற்றி ஒரு விளக்கம்

2024-25இல் தமிழ்நாட்டுப் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்தது. இது ஒன்றிய அரசின் புள்ளியியல் அமைச்சகம் தந்த கணக்கு. 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் கடன் நிலுவை 9.30 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று கணக்கிடப்பட்டது. இது மாநில அரசே 2025-26 பட்ஜெட்டில் சொன்ன மதிப்பீடு. ஆளுங்கட்சிக்காரர் முதல் எண்ணைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் இரண்டாவதைச் சொல்வார். இரண்டிலும் பொய் இல்லை. மருத்துவத்தை எடுத்தால், வீடு தேடி மாத்திரை வருகிறது, நீட் விலக்கு வரவில்லை. மின்சாரத்தை எடுத்தால், காற்றாலையில் நாட்டின் முன்வரிசையில் இருக்கிறோம், மின்வாரியம் கடனில் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்ட ஒருவர், "சரி, இந்தச் சட்டமன்றம் ஒழுங்காக வேலை செய்ததா, இல்லையா?" என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அந்தப் பட்டியலில் பாதி சட்டமன்றத்தின் வேலையே அல்ல. அமைச்சரவை செய்தது, ஒன்றிய அரசு கொடுத்தது, ஆளுநர் நிறுத்தி வைத்தது, ஒழுங்குமுறை ஆணையம் தீர்மானித்தது என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. 2021 மே மாதம் அமைந்த 16ஆவது சட்டமன்றத்தை எடுத்துக்கொண்டு இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

கோட்டையிலிருந்து வரும் நான்கு வகை முடிவுகள்

சென்னைக் கோட்டையில் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, அங்கிருந்து வரும் எல்லாவற்றையும் "அரசு" என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிடுகிறோம். ஆனால் சட்டமன்றம் என்பது 234 உறுப்பினர்கள் கொண்ட சபை. அமைச்சரவை அந்தச் சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைப்பு. முடிவுகளை இப்படிப் பிரிக்கலாம்:

1. சட்டம். சட்டமுன்வடிவாக அறிமுகமாகி, சபை நிறைவேற்றி, ஆளுநரோ குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தந்தால் சட்டமாகும். இன்னொரு சட்டத்தால் மட்டுமே இதை மாற்ற முடியும்.

2. பண ஒப்புதல். ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டிய தொகையை மானியக் கோரிக்கையாகச் சபை முன் வைக்கும். விவாதம் நடக்கும், எதிர்க்கட்சிகள் தொகையைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், வாக்கெடுப்பு நடக்கும். கடைசியில் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறினால்தான் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கலாம்.

3. அரசாணையும் கொள்கையும். இவை அமைச்சரவையும் துறையும் எடுப்பவை. சபையில் வாக்கெடுப்பு தேவையில்லை.

4. அறிவிப்பு. முதலமைச்சர் சட்டமன்ற விதி 110இன் கீழ் படிக்கும் அறிக்கை இந்த வகை. அதன் மீது விவாதம் கிடையாது. பின்னால் அரசாணையும் பணமும் வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

2021 மே 7 அன்று பதவியேற்ற கையோடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்டவை மூன்றாவது வகை. அரிசி அட்டைதாரர்களுக்கு 4,000 ரூபாய் கொரோனா நிவாரணம், சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் எல்லாம் ஆணையாகவே வந்தன. சபையின் பங்கு அதற்குப் பின், அந்தச் செலவுக்குப் பணம் ஒப்புதல் தரும்போதுதான் வந்தது.

பொருளாதார மீட்சி

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதி நிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2020-21இன் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி, நிதிப் பற்றாக்குறை 92,305 கோடி, மொத்தக் கடன் 4.85 லட்சம் கோடி என்று அதில் இருந்தது.

இந்த இரண்டு பற்றாக்குறைகளையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் போனால் அது வருவாய்ப் பற்றாக்குறை. சாலை, அணை, கட்டடம் உள்ளிட்ட எல்லாச் செலவையும் சேர்த்து, கடனைத் தவிர்த்த மொத்த வரவைக் கழித்தால் மிஞ்சும் பள்ளம் நிதிப் பற்றாக்குறை. பாலம் கட்டக் கடன் வாங்குவதில் தவறில்லை, பாலம் ஐம்பது வருடம் நிற்கும். வட்டி கட்டுவதற்கே கடன் வாங்குவதுதான் கவலைக்குரியது. அதனால் நாம் கவனிக்க வேண்டியது முதலாவதைத்தான்.

அந்த எண் 2021-22இல் 46,538 கோடியாகக் குறைந்தது. 2022-23இல் 36,215 கோடி. 2023-24இல் மறுபடி 45,121 கோடியாக ஏறியது. ஏறியதற்கு இரண்டு காரணங்கள் முக்கியம். 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போக ஆரம்பித்தது. அதே ஆண்டில் மின்வாரியத்தின் நட்டத்தை ஏற்க மட்டும் அரசு ஏறத்தாழ 17,000 கோடி கொடுத்தது. இந்த இரண்டாவது காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மின்சாரப் பகுதியில் அது மறுபடி வரும்.

கடன் 4.85 லட்சம் கோடியிலிருந்து 9.30 லட்சம் கோடிக்குப் போனது பயமுறுத்தும் எண்தான். ஆனால் பொருளாதாரமும் இதே காலத்தில் பெருத்திருக்கிறது. 2025-26 பட்ஜெட்டின்படி கடன், மாநில உற்பத்தி மதிப்பில் 26.07 சதவீதம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வட்டி. அந்த ஆண்டு வருவாய் வரவு மதிப்பீடு சுமார் 3.31 லட்சம் கோடி, வட்டிச் செலவு 70,000 கோடிக்கு மேல். வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசுக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது. மருத்துவமனைக்கோ மின்கம்பிக்கோ போவது மிச்சத்திலிருந்துதான்.

இதில் சபையின் கை எவ்வளவு நீளும்? 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு பெரும்பாலான பொருள்களுக்கான வரி விகிதத்தைப் பரிந்துரைப்பது ஒன்றிய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த ஜிஎஸ்டி மன்றம். மாநிலத்தின் கையில் மிஞ்சியவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வாகன வரி, மின்சார வரி போன்றவை. 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றார்கள். ஒன்றிய வரிப் பங்கில் தமிழ்நாட்டுக்கு 15ஆவது நிதிக்குழு ஒதுக்கியது 4.079 சதவீதம். அதை மாற்றும் அதிகாரம் கோட்டையில் யாருக்கும் இல்லை.

ஒன்று மட்டும் முழுக்க சபையின் பொறுப்பு. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்க வேண்டும் என்று 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டத்தை இயற்றியது இதே சட்டமன்றம். அதற்கான கெடுவைத் திருத்தம் போட்டுப் போட்டுத் தள்ளி வைத்ததும் இதே சட்டமன்றம். எந்தக் கட்சி ஆண்டாலும் இது நடந்திருக்கிறது. தானே போட்ட கோட்டைத் தானே நகர்த்தும்போது சபையில் நீண்ட, காரசாரமான விவாதம் நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம், முதலீடு. 2024 ஜனவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடிக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. இதை அமைச்சரவையின் முயற்சியாகப் பாராட்டலாம். சட்டமன்றத்தின் கணக்கில் எழுத முடியாது. அதோடு, ஒப்பந்தத் தொகை வேறு, வந்து சேர்ந்த முதலீடு வேறு.

தி.நகர் கடையில் ஒரு நாற்காலி

சபை செய்த வேலை என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய இரண்டு தொழிலாளர் சட்டத் திருத்தங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் உள்ள துணிக்கடைகளில் விற்பனைப் பெண்கள் காலையில் கடை திறப்பதிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றே வேலை பார்ப்பது பல காலமாக நடந்து வந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. கால் வீக்கம், நரம்புச் சுருட்டு, இடுப்பு வலி எல்லாம் அந்த வேலையோடு சேர்ந்தே வரும். 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று சட்டமன்றம் விதித்தது. கேரளம் 2018இலேயே செய்ததுதான். செலவு என்று பார்த்தால் சில நாற்காலிகள். பலன் பல்லாயிரம் கால்களுக்கு. இன்று ஒரு கடையில் ஊழியர் உட்கார இடம் இல்லை என்றால், தொழிலாளர் துறையிடம் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். வெறும் அறிவிப்பை வைத்து அப்படிக் கேட்க முடியாது.

இரண்டாவது, 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம். முதலீட்டை ஈர்ப்பதற்காக வேலை நேர வரம்பைத் தளர்த்தி, 12 மணி நேர வேலைக்கு வழி செய்தது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் சட்டமுன்வடிவை நிறுத்தி வைத்தார்கள், மே நாளில் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்கங்களை முன்கூட்டியே ஒரு குழுவில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் சபைக்கு இந்த நிலை வந்திருக்காது. எதிர்ப்பைக் கேட்டுப் பின்வாங்கியது நல்லது. ஆனால் அந்த எதிர்ப்பு சபைக்குள்ளேயே முழுதாகக் கேட்டிருக்க வேண்டும்.

மருத்துவம்: திட்டம் ஓடியது, சட்டம் நின்றது

பொதுச் சுகாதாரம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இங்கே சபைக்கு நிறைய அதிகாரம் உண்டு, பழைய பெருமையும் உண்டு. 1939இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கொரோனா காலத்தில் முகக்கவசம் போடாதவர்களுக்குச் சாலையில் நிறுத்தி 200 ரூபாய் அபராதம் போட்டார்களே, அதற்கு அடிப்படை இந்தச் சட்டம்தான். எண்பது வருடம் கழித்து வந்த கொள்ளைநோய்க்கு ஒரு சட்டம் கைகொடுத்தது.

2021க்குப் பிறகு மருத்துவத்தில் நடந்தவை பெரும்பாலும் திட்டங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறது. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டாம் என்பதே பலரை விடாமல் மருந்து சாப்பிட வைக்கும். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. கிண்டியில் 1,000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை 2023 ஜூன் 15 அன்று திறக்கப்பட்டது.

இவற்றில் சட்டமன்றத்தின் பங்கு பண ஒப்புதல். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 2021-22 திருத்த பட்ஜெட்டில் 18,933 கோடி, 2025-26இல் 21,906 கோடி. கூடியிருக்கிறது. ஆனால் நான்கு வருட விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் பெரிய உயர்வு என்று சொல்ல மாட்டேன்.

திட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு இல்லை. 2020 டிசம்பரில் அதிமுக அரசு 2,000 அம்மா மினி கிளினிக்குகளை அறிவித்துத் தொடங்கியது. 2022 ஜனவரியில், அது ஓராண்டுக்கான தற்காலிகத் திட்டம், முடிந்துவிட்டது என்று திமுக அரசு சொன்னது. அவை பயன்பட்டனவா இல்லையா என்பது தனி விவாதம். தொடங்கவும் சபையின் வாக்கு தேவைப்படவில்லை, மூடவும் தேவைப்படவில்லை என்பதுதான் இங்கே விஷயம். இன்று பாராட்டப்படும் திட்டங்களுக்கும் நாளை இதே கதி வரலாம். ராஜஸ்தான் 2023இல் நல்வாழ்வு உரிமைச் சட்டம் இயற்றியது. 16ஆவது சட்டமன்றம் அப்படி ஒன்றை இயற்றவில்லை. இந்தப் பட்டியலில் ஆகப் பெரிய விடுபடல் இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, சட்டமாக்க முயன்றது என்ன ஆயிற்று? நீட் சட்டமுன்வடிவின் பயணம் இது:

1. 2021 செப்டம்பர் 13: நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கையின் அடிப்படையில், 12ஆம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவச் சேர்க்கை நடத்தும் சட்டமுன்வடிவு நிறைவேறியது.
2. 2022 பிப்ரவரி தொடக்கம்: ஆளுநர் திருப்பி அனுப்பினார்.
3. 2022 பிப்ரவரி 8: சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேற்றினார்கள். பிறகு அது குடியரசுத் தலைவருக்குப் போனது.
4. 2025 ஏப்ரல் 4: ஒப்புதல் மறுக்கப்பட்டதாக முதலமைச்சர் சபையில் தெரிவித்தார்.

குடியரசுத் தலைவர் வரை ஏன் போக வேண்டும்? மருத்துவக் கல்வி பொதுப் பட்டியலில் வருகிறது. அதே பொருளில் ஒன்றியச் சட்டம் ஏற்கெனவே இருந்து, மாநிலச் சட்டம் அதற்கு முரணாக இருந்தால், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால்தான் அது மாநிலத்துக்குள் செல்லுபடியாகும். அவர் எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் கெடு இல்லை. 2025 ஏப்ரல் 8 அன்று, வேறு 10 சட்டமுன்வடிவுகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு விதித்து, அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கெடு விதிக்கவோ, ஒப்புதல் தந்ததாகக் கருதவோ முடியாது என்று சொல்லிவிட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த சபை இருமுறை நிறைவேற்றிய ஒன்று மூன்று வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது. நீட்டை ஆதரிப்பவரும் இதை ஏற்கக் கூடாது.

இதற்கு நேர்மாறாக, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2020இல், முந்தைய சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போதும் ஆளுநரிடம் தாமதம்தான். அக்டோபர் 29 அன்று அரசு அதை அரசாணையாகவே வெளியிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. நீட்டை அது தொடவில்லை, நீட் எழுதி வந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கியது. அதனால் அது நிலைத்தது.

பசுமை மின்சாரம்: பெரும்பகுதி சபைக்கு வெளியே

பெரம்பூரில் ஒரு வீட்டின் 2025ஆம் ஆண்டு இரண்டு மாத மின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓடியது 300 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம். அந்த 100 யூனிட்டுக்கான பணம் மின்வாரியத்துக்கு அரசிடமிருந்து மானியமாகப் போகிறது. அதற்கு வாக்களித்தது சட்டமன்றம். மீதி 200 யூனிட்டின் விலையைத் தீர்மானித்தது 2003 மின்சாரச் சட்டத்தின் கீழ் இயங்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 2022 செப்டம்பர் கட்டண உயர்வு அந்த ஆணையத்தின் உத்தரவு. அந்த மின்சாரம் ஜூலை மாதத்தில் ஆரல்வாய்மொழிக் காற்றிலிருந்து வந்திருக்கலாம், டிசம்பரில் வடசென்னை நிலக்கரியிலிருந்து வந்திருக்கலாம். எதிலிருந்து எவ்வளவு என்பதை முடிவு செய்வது கொள்கைகளும் ஒப்பந்தங்களும். எல்லாம் அரசாணை வகை.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகள் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நிறுவப்பட்டன. இன்று காற்றும் சூரியனும் சேர்ந்து நிறுவுதிறன் 20,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் இரண்டு முட்டுக்கட்டைகள் உண்டு.

முதலாவது, காற்று நன்றாக வீசும் முப்பந்தல் போன்ற இடங்களைப் பழைய, சிறிய காற்றாலைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை வைத்தால் அதே நிலத்தில் பல மடங்கு மின்சாரம் கிடைக்கும். இதற்கான புதுப்பிப்புக் கொள்கை 2024இல் வந்தது.

இரண்டாவது, சேமிப்பு. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. கோடையில் சூரியன் மறைந்த பிறகும் சென்னையில் ஏசி ஓடும், சூரிய மின்சாரம் ஓடாது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, இரவில் இறக்கி மின்சாரம் எடுப்பது நீரேற்று மின் நிலையம். காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களிலிருந்தே இருக்கிறது. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா திட்டம் நீண்ட காலமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. இதற்கான கொள்கையும் 2024இல்தான் வந்தது.

அதே 2024இல் மின்வாரியத்தைப் பிரித்துப் பசுமை எரிசக்திக் கழகம் என்று தனி நிறுவனம் அமைத்தார்கள். மின்சார வாகனங்களுக்கு வாகன வரி விலக்கு, 1974 சட்டம் அரசுக்குக் கொடுத்த அதிகாரத்தின் கீழ் அறிவிக்கையாக வந்தது. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து கிளம்பிய 120 மின்சாரப் பேருந்துகள் உலக வங்கி உதவியோடு வந்தவை. நல்ல காரியங்கள்தான். எதுவும் சட்டம் அல்ல.

சபை தன் பிடியை இறுக்க வேண்டிய இடம் வேறு. 2025-26இல் எரிசக்தித் துறைக்கு ஒதுக்கியது 21,178 கோடி. மக்கள் நல்வாழ்வுத் துறையின் 21,906 கோடியோடு வைத்துப் பாருங்கள். மாநிலத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் சேர்த்துத் தரும் தொகைக்கு ஏறத்தாழச் சமமான தொகை மின்சாரத்துக்குப் போகிறது, அதிலும் பெரும்பங்கு மானியமாக. விவசாயிக்கும் நெசவாளிக்கும் ஏழை வீட்டுக்கும் தரும் மானியத்தை நான் எதிர்க்கவில்லை. வாரியத்தின் நட்டத்தை ஒவ்வொரு ஆண்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால், புதிய மின்கம்பித் தடத்துக்கும் சேமிப்புக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

எண்ணூர்க்காரர்களுக்கு இது பட்ஜெட் எண் மட்டுமல்ல. வடசென்னையின் அனல்மின் நிலையங்களிலிருந்து வரும் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிவதும், மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனதும் எல்லோரும் அறிந்தது. 2024 மார்ச்சில் அங்கே இன்னொரு 800 மெகாவாட் நிலக்கரி நிலையம் தொடங்கி வைக்கப்பட்டது. பசுமை மின்சாரம் தாமதமாகும் ஒவ்வொரு ஆண்டும் அந்தப் பகுதி மக்களின் நுரையீரல் விலை கொடுக்கிறது. அந்தச் செலவு எரிசக்தி மானியக் கோரிக்கையில் வராது, ஸ்டான்லி மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில்தான் வரும்.

உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை

தொகுதிக்கு வரும் எம்.எல்.ஏ.விடம் "என்ன கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்பதே வழக்கம். அவருடைய உண்மையான வேலையைத் தொடும் கேள்விகள் வேறு:

1. எரிசக்தி, மக்கள் நல்வாழ்வு மானியக் கோரிக்கைகளின் விவாதத்தில் பேசினாரா? எதைப் பற்றிப் பேசினார்?
2. வருவாய்ப் பற்றாக்குறைக் கெடுவைத் தள்ளிப்போடும்போது எப்படி வாக்களித்தார்?
3. மக்களைத் தேடி மருத்துவத்தைச் சட்டமாக்கக் கேட்டாரா?
4. அமைச்சர்கள் சபையில் தந்த வாக்குறுதிகளைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கணக்குத் தணிக்கை அறிக்கையை ஆராயப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. இவற்றில் இருந்தால் எதைத் தோண்டினார்?

இதற்கெல்லாம் அவரை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையோடு ஒரு கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் வைக்கும். அது தமிழிலேயே இருக்கும், அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எரிசக்தித் துறையின் குறிப்பைத் திறந்து, மானியத் தொகை எவ்வளவு, சேமிப்புத் திட்டங்களுக்கு எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும் ஐந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள்.